ஜில்லா வருமானமும் குடும்ப வருமானமும்

(காவேரிப்பட்டினத்தில் கூடிய நமது சங்கத்தின் மகாசபையில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தென்பெண்ணைக் கரையிலுள்ள இவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், வெளியூர்களிலுள்ள நம்மவரிற் சிலர் சோழர் காலத்துப் பூம்புகார்த் துறைமுகத்தை நினைத்துக்கொள்கின்றனர். நம்மூர் காவிரிக் கரையிலும் இல்லை, கடற்கரையிலும் இல்லை. பெயர் ஒத்திருப்பதனால் பொருளும் ஒன்றே என்று கொள்வது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழையே, "கிருஷ்ணகிரி செல்வமுள்ள ஜில்லா, ஆதலால் அதில் வாழும் குடும்பங்களும் செல்வமுள்ள குடும்பங்களே" என்று கொள்வதும். இதனை விளக்குவதே இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இது வெறும் வாதத்திற்காக எடுத்துக்கொண்டதன்று. நமது சங்கத்தின் கல்வி நிதியைக் கிளைகளுக்குப் பங்கிடும் முறையை மாற்றவேண்டுமென்று ஒரு தீர்மானம் இச்சபையின் முன் வந்திருக்கிறது. ஜில்லாவின் தலைக்கு வருமானம் எதுவோ அதனையே அளவுகோலாகக் கொண்டு, குறைந்த ஜில்லாவுக்கு மிகுதியாகவும், மிகுந்த ஜில்லாவுக்குக் குறைவாகவும் பங்கிடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அதனைக் கொணர்ந்தோர் ஏழைகளிடத்து இரக்கமுடையோர் என்பதில் ஐயமில்லை. அது நிறைவேறினால் கிருஷ்ணகிரிக் கிளைகளின் பங்கு குறையும். நாம் இவ்வூராராகையால் நம் பங்கைக் காத்துக்கொள்ளவே பேசுகின்றோம் என்று எவரும் எண்ண வேண்டா. தருமபுரிக் கிளைகளின் பங்கில் ஒரு காசும் குறைக்கும்படி யாம் சொல்லப்போவதில்லை. அளக்கும் கோல் சரியானதுதானா என்பதொன்றே எமது கேள்வி.

தலைக்கு வருமானம் என்பது யாது?

ஒரு தேசத்தில் ஒரு வருஷத்தில் விளையும் பொருள்கள், செய்யப்படும் தொழில்கள் ஆகியவற்றால் உண்டாகும் வருமானம் முழுவதையும் கூட்டி, அதனை ஜனத்தொகையால் வகுத்து வருவது தலைக்கு வருமானம் எனப்படும். இக்கணக்கை நம் தேசத்தில் முதன்முதல் முயன்றவர் தாதாபாய் நௌரோஜி. 1867-70 வருஷங்களுக்கு அவர் கண்ட தொகை தலைக்கு 20 ரூபாய். சிறைச்சாலையில் ஒரு கைதிக்குச் செலவாகும் உணவு உடைத் தொகையையும் இத்தொகையையும் அவர் ஒப்பிட்டுக் காட்டிய காலத்தில், அந்நிய ஆட்சியின் கீழ் தேசம் எவ்வளவு வறுமையுற்றது என்பது உலகறியலாயிற்று. பின்னர்க் காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் 1931-32-க்குக் கணக்கிட்டு 62 ரூபாய் என்றார். சுதந்திரம் பெற்ற பின் 1949-ல் மகலநோபிஸ் தலைமையில் ஏற்பட்ட தேசிய வருமானக் குழு, 1948-49-க்குத் தலைக்கு ஏறத்தாழ 247 ரூபாய் என்று கணித்தது. இடையே விலைவாசி பன்மடங்கு ஏறியிருந்தமையால், இத்தொகைகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் கூடாது.

தேசம் முழுவதற்கும் செய்த இக்கணக்கையே இராஜ்யங்களுக்கும், பின்னர் ஜில்லாக்களுக்கும் செய்யத் தொடங்கினர். தேசம் முழுவதற்கும் செய்கையில் அக்கணக்கில் அதிகக் குற்றமில்லை. இடம் சுருங்கச் சுருங்கக் குற்றம் பெருகுகிறது. எப்படியென்பதைக் காட்டுவதற்கு முன், இராஜ்யங்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வைச் சிறிது காண்போம்.

இராஜ்யங்களுக்குள் ஏற்றத்தாழ்வு

பிரதம மந்திரியின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தேசத்தின் சராசரியை 100 என்று வைத்தால், 2023-24-ல் கர்நாடகம் ஏறத்தாழ 181, தமிழ்நாடு 171, பீகார் 33 என்று காட்டப்பட்டிருக்கிறது. ஐந்து பீகாரிகளின் பங்கைச் சேர்த்தாலும் ஒரு தமிழரின் பங்குக்குச் சற்றே குறையும் என்பது இதன் பொருள். இன்று உயர்ந்திருக்கும் தென்னாட்டு இராஜ்யங்கள் யாவும் 1991-ல் தேச சராசரிக்குக் கீழே இருந்தன என்பதும் அக்கட்டுரையிற் காணப்படுகிறது. மறுபுறம், 1960-61-ல் சராசரிக்கு மேலே 127 என்றிருந்த மேற்கு வங்காளம் 2023-24-ல் 84 என்றாகிவிட்டது. செல்வம் எந்நாட்டுக்கும் சாசனம் எழுதிக்கொடுத்து வருவதன்று.

இதற்குக் காரணங்கள் பல. 1952 முதல் 1993 வரையில் இரும்பும் எஃகும் தேசமெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி சர்க்கார் ரயில் சத்தத்தைச் சமன் செய்துவந்தது. சுரங்கத்தின் அருகிலேயே தொழிற்சாலை வைக்க வேண்டிய அவசியம் இதனால் ஒழிந்தது. சுரங்கமுடைய பீகாரும் வங்காளமும் தம் இயற்கை நன்மையை இழந்தன. துறைமுகமும் கல்வியும் உடைய தெற்கும் மேற்கும் யந்திரசாலைகளைப் பெற்றன. பள்ளிக்கூடம், மதிய உணவு, வைத்தியசாலை, சாலை, மின்சாரம் ஆகியவற்றை முன்னதாகவே கிராமங்களுக்குக் கொண்டுசென்ற இராஜ்யங்கள், தொழில் வந்த காலத்தில் அதற்குத் தகுதியான ஆட்களை ஆயத்தமாக வைத்திருந்தன.

இனி, தலைக்கு வருமானத்தை விட்டு, குடும்பங்களின் வாசலுக்கே சென்று கேட்டெழுதிய கணக்கொன்றைப் பார்ப்போம். 2022-23-ல் சர்க்கார் நடத்திய குடும்பச் செலவு விசாரணையில், ஒரு மாதத்திற்கு ஓர் ஆளுக்கு ஆகும் செலவு தேசம் முழுவதற்கும் கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று கண்டனர். தமிழ்நாட்டில் கிராமத்திற்கு 5,310, நகரத்திற்கு 7,630. கர்நாடகத்தில் கிராமத்திற்கு 4,397, நகரத்திற்கு 7,666.

இவ்வெண்களை நம் எல்லைப்புறத்தார் ஊன்றி நோக்குதல் வேண்டும். தலைக்கு வருமானத்தில் கர்நாடகம் நம்மை முந்தி நிற்கிறது. நகரத்துச் செலவில் இரு இராஜ்யங்களும் ஏறத்தாழச் சமம். கிராமத்துச் செலவிலோ நாம் மாதம் 900 ரூபாய்க்கு மேல் முந்தியிருக்கின்றோம். பெங்களூரின் பெருஞ்செல்வம் கர்நாடகத்தின் சராசரியை உயர்த்துகிறது; அந்த உயர்வு அவ்விராஜ்யத்துக் கிராமவாசியின் அடுப்புக்கு அதே அளவில் வந்து சேரவில்லை. சராசரி ஒன்று சொல்ல, அடுப்பு வேறொன்று சொல்லுகிறது. இராஜ்ய அளவில் பெங்களூரால் நேர்ந்த இதே வித்தியாசம், ஜில்லா அளவில் ஓசூரால் நமக்கு நேர்ந்திருக்கிறது என்பதே யாம் சொல்ல வந்தது.

மூன்று இராஜ்யங்கள் கூடும் இடம்

நமது ஜில்லா கர்நாடகம், ஆந்திரம் என்னும் இரண்டு இராஜ்யங்களோடும் எல்லை கலந்தது. மண் ஒன்றே, மழை ஒன்றே, மூன்று பாஷைகளும் ஒரே சந்தையிற் கேட்கும். ஆயினும் கோடு மாறினால் கூலியும் விலையும் மாறுகின்றன.

நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு 2024-25-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி, தமிழ்நாட்டில் 319 ரூபாய், கர்நாடகத்தில் 349, ஆந்திரத்தில் 300. ஒரே நாளில், ஒரே வெயிலில், ஒரே விதமான ஏரிக்கரையில் மண் வெட்டிய மூவருக்கு மூன்று கூலி. இங்கே ஒன்று கவனித்தற்குரியது. கூலி மிகுந்த கர்நாடகத்திலேயே கிராமத்துச் செலவு நம்மிற் குறைவு என்பதை மேலே கண்டோம். ஆகவே கூலியின் விகிதம் ஒன்றைக் கொண்டும் குடும்பத்தின் நிலையைத் தீர்மானித்தல் இயலாது. வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வீட்டில் எத்தனை பேர் உழைத்தனர், ரேஷன் அரிசி கிடைத்ததா என்பனவும் சேர்ந்தே நிலையை நிர்ணயிக்கின்றன.

மாம்பழத்தின் கதையும் இதுவே. நம்மவர் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரி மாங்காயை, கிருஷ்ணகிரி, சித்தூர், கோலார் ஆகிய மூன்று பக்கத்தாரும் பழக்கூழ் ஆலைகளுக்கே பெரும்பாலும் விற்கின்றனர். 2025-ஆம் வருஷத்துப் பருவத்தில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தது. ஆந்திர சர்க்கார் தன் விவசாயிகளுக்கு ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கவேண்டுமென்று விதித்து, தான் 4 ரூபாய் சேர்த்துக் கொடுப்பதாக அறிவித்தது. அதனை ஒட்டி, பிற இராஜ்யத்துத் தோத்தாபுரி சித்தூர் ஜில்லாவுக்குள் வரலாகாதென்று தடையும் உண்டாயிற்று. கர்நாடகத்து முதல் மந்திரி அதனை எதிர்த்து எழுதினார். நமது பக்கத்து விவசாயிகள் தமக்கும் கட்டுப்படியாகும் விலை வேண்டுமென்று முறையிட்டனர். மரத்திலிருக்கும் வரையில் மாங்காய்க்கு இராஜ்யமில்லை. பறித்து லாரியில் ஏற்றிய பின்னரே அதற்கு இராஜ்யம் உண்டாகிறது. ஒரு குடும்பத்தின் வருஷ வருமானம் இவ்விதக் கோடு ஒன்றினால் பாதியாகவும் கூடும் என்பதை மாந்தோப்புடைய நம்மவர்க்கு யாம் சொல்லவேண்டியதில்லை.

ஓசூரின் செல்வம் எங்கே எண்ணப்படுகிறது?

இனி ஓசூரை எடுத்துக்கொள்வோம். சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ல் பிரிந்த தருமபுரி ஜில்லாவில் அன்று ஓசூரும் அடங்கியிருந்தது. மழை குறைந்த, தொழில் அற்ற ஜில்லா என்று தருமபுரி முழுவதும் பின்தங்கிய பிரதேசமாகக் குறிக்கப்பட்டது. அங்கே யந்திரசாலை வைப்போருக்கு மூலதன உதவியும் வேறு சலுகைகளும் கிடைத்தன. 1971-ல் ஏற்பட்ட சிப்காட் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய பெரிய கம்பெனிகள் அடுத்தடுத்து வந்தன. அவை பென்னாகரத்துக்கோ அரூருக்கோ செல்லாமல் ஓசூருக்கே வந்ததன் காரணம் வெளிப்படை. பெங்களூர் அங்கிருந்து 40 கிலோமீட்டர். ஜில்லா முழுவதின் ஏழ்மையைக் காட்டிப் பெற்ற சலுகை, ஜில்லாவின் ஒரு மூலையில், அதாவது பெங்களூருக்கு மிக அண்மையிலுள்ள மூலையில், போய் நிலைத்தது. சராசரியைக் கொண்டு கொடுக்கும் உதவி எவ்விதம் பக்கத்தில் ஒதுங்குகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

2004-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ஆம் தேதி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை ஆகிய தாலுகாக்கள் பிரிந்து கிருஷ்ணகிரி ஜில்லா ஆயின. அன்று காலையில் எந்த வீட்டிலும் ஒரு படி அரிசி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயினும் ஓசூரின் யந்திரசாலைகள் ஒரு ஜில்லாவின் கணக்கிலிருந்து நீங்கி மற்றொன்றின் கணக்கிற் சேர்ந்தன. தருமபுரியின் சராசரி தாழ்ந்தது, கிருஷ்ணகிரியின் சராசரி உயர்ந்தது. ஊத்தங்கரையில் மானாவாரி நிலத்தை உழுதவனும் அந்த நாள் முதல் ஏட்டிலே செல்வமுள்ள ஜில்லாக்காரன் ஆனான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நாம் அறிந்ததே.

இன்னும் நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. ஜில்லாவின் வருமானம் என்பது பொருள் எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே எண்ணப்படுவது. அப்பொருளால் வரும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது அக்கணக்கிற்கு விஷயமன்று. ஓசூரில் ஒரு மோட்டார் வண்டி உருவானால் அதன் இலாபம் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் போகிறது. அவர்கள் சென்னையிலும் பம்பாயிலும் கடல் கடந்தும் இருப்பர். கூலியிலும் ஒரு பகுதி பீகார், ஒரிஸ்ஸா, ஜார்க்கண்ட் முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளரால் தத்தம் ஊருக்கு அனுப்பப்படுகிறது. ஓர் அறையில் பலராய்த் தங்கி, தாமே சமைத்துண்டு, மிச்சம் பிடித்து அவர்கள் அனுப்பும் பணம் பீகாரிலே அடுப்பை எரியச் செய்கிறது. ஆயினும் அவர்கள் செய்த வேலையின் மதிப்பு கிருஷ்ணகிரியின் கணக்கிலேயே நிற்கிறது. இதற்கு எதிராக, ஓசூரில் குடியிருந்து, தினந்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவரின் உழைப்பு கர்நாடகத்தின் கணக்கிற் சேர்கிறது. சம்பளமோ ஓசூரில் செலவாகிறது. ஆகவே ஜில்லா வருமானம் கூடினும் குறையினும் அது குடும்பத்தின் வருமானத்தைக் காட்டும் கண்ணாடியன்று.

இது நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அயர்லாந்து தேசத்தில் 2015-ல் ஒரே வருஷத்தில் தேசத்தின் உற்பத்திக் கணக்கு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உயர்ந்தது. பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் தம் சொத்துக்களை அங்கே மாற்றி எழுதிக்கொண்டதே காரணம்; குடியானவனுக்கும் தொழிலாளிக்கும் அவ்வளவு வருமானம் கூடவில்லை. அத்தேசத்துப் புள்ளிவிவர இலாகா இதனை உணர்ந்து, கம்பெனிகளால் வரும் வீக்கத்தைக் கழித்துத் தன் ஜனங்களுடைய உண்மை நிலையைக் காட்டும் வேறொரு கணக்கை 2017 முதல் வெளியிட்டு வருகிறது. ஒரு சுதந்திர தேசமே தன் சராசரியை நம்பாது வேறு கோல் தேடியிருக்க, ஜில்லா சராசரியை நம்பி நாம் பிள்ளைகளின் படிப்பைப் பங்கிடலாமோ?

மேலும், வருமானத்தை எண்ணும் இக்கணக்கு நஷ்டத்தை எண்ணுவதில்லை. பெங்களூரின் கழிவு நீரைச் சுமந்து வரும் தென்பெண்ணை, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க விழுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். அந்த ஆறே கிருஷ்ணகிரி அணையில் தேங்கி, அங்கிருந்து சுமார் 9,000 ஏக்கருக்குப் பாய்ந்து, நமது வயலுக்கும் வருகிறது. பெங்களூரில் உண்டான இலாபம் பெங்களூரின் ஏட்டில் ஏறுகிறது. நுரையோ எவருடைய ஏட்டிலும் ஏறுவதில்லை.

தனி ஆளும் குடும்பமும்

ஜில்லாவை விட்டு வீட்டுக்குள் நுழைந்தாலும் கணக்கு எளிதாகிவிடுவதில்லை. ஓர் ஆளின் சம்பளம் வேறு; குடும்பத்தின் வருமானம் வேறு; அக்குடும்பத்தில் ஒரு வாய்க்குக் கிடைப்பது வேறு. உதாரணமாக இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஓசூரில் ஒருவர் யந்திரசாலையில் மாதம் 30,000 ரூபாய் சம்பளம் பெறுகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகியோருடன் ஐவர். வேறு சம்பாத்தியம் இல்லை. வீட்டு வாடகை 9,000. வருஷ வருமானம் 3,60,000. வாடகை போக மாதம் ஒருவருக்கு 4,200.

காவேரிப்பட்டினத்தில் ஒருவர் கடையில் கணக்கெழுதி 12,000 பெறுகிறார். மனைவி இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றித் தீவனச் செலவு போக 6,000 காண்கிறார். மூத்த மகன் பழக்கூழ் ஆலையில் பருவ காலமாகிய மூன்று மாதம் மட்டும் 10,000 வீதம் சம்பாதிக்கிறான். மகள் படிக்கிறாள். ஆக நால்வர். சொந்த வீடு. வருஷ வருமானம் 2,46,000, மாதத்திற்கு 20,500, ஒருவருக்கு 5,125.

தனி ஆளின் சம்பளத்தைப் பார்த்தால் ஓசூர்க்காரர் உயர்ந்தவர். குடும்ப வருமானத்தைப் பார்த்தாலும் அவரே உயர்ந்தவர். ஒரு வாய்க்குக் கிடைப்பதைப் பார்த்தால் காவேரிப்பட்டினத்தார் உயர்ந்தவர். ஆயினும் மாட்டுக்கு நோய் வந்தாலோ, மாங்காய் காய்க்காமற் போனாலோ, இரண்டாம் வீடு ஒரே மாதத்தில் கடனில் விழும். முதல் வீட்டுக்கு மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் உண்டு. இவ்விரண்டில் எது ஏழை வீடு? ஒரே எண்ணால் இதற்கு விடை சொல்ல வல்லவர் எவருமில்லை.

பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் கல்வி உதவித் தொகைக்குக் குடும்ப வருஷ வருமானம் 2,50,000 ரூபாய் என்று சர்க்கார் எல்லை வகுத்திருக்கிறது. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும் இதே எல்லை வைக்கப்பட்டது. மேற்சொன்ன இரண்டாம் வீட்டுப் பெண் எல்லைக்குள் இருக்கிறாள். முதல் வீட்டுக் குழந்தைகள் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர். சர்க்கார் கோடிக்கணக்கானவர்க்கு விதி செய்கிறது. ஆதலால் ஒரு கோடு போட்டே தீரவேண்டும். நமது சங்கமோ நம் வீடுகளை வீதிவாரியாக அறிந்தது. அறிந்தவன் அறியாதவனைப்போல் அளப்பது நியாயமன்று.

மாதர்களின் வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் கணக்கு, பூக்கட்டு, தையல், களையெடுப்பு ஆகியவற்றால் வீட்டுக்கு வரும் பணத்தை நம்மவர் பலர் வருமானமாகவே எண்ணுவதில்லை. "வீட்டில் என்ன சம்பாத்தியம்?" என்று கேட்டால் ஆண்மகனின் சம்பளத்தை மாத்திரம் சொல்லுகின்றனர். இன்று ஓசூரைச் சூழ்ந்த மின்னணுச் சாமான் யந்திரசாலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் தம்பிமார் கல்லூரியில் படிக்கும் வீடுகள் பல. அப்பெண்கள் தாம் மேற்படிப்புக்குப் போக விரும்பினால், "சம்பளத்தை விட்டுவிடுவதா?" என்று தயங்குவதும் அவ்வீடுகளே. குடும்பத்தின் வருமானம் உயர்ந்ததென்று கூறுமுன், அது எவருடைய படிப்பின் விலையால் உயர்ந்ததென்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

நாம் செய்யவேண்டுவது

இவ்விடத்தில் நம் நாட்டுச் சரித்திரம் ஒன்றை நினைவூட்டுகின்றோம். பாராமகால் என்று வழங்கிய இப்பிரதேசம் 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தபோது, அலெக்ஸாண்டர் ரீட் என்பவரும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் இங்கே வரி விதிக்க வந்தனர். ஜமீன்தார் ஒருவரிடம் மொத்தமாகத் தொகை பேசிக்கொள்ளாமல், நிலத்தை அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் நேரே கணக்குப் பேசும் ரயத்துவாரி முறை வளர்ந்தது இம்மண்ணிலேதான். வரி வாங்குவதற்கு வந்த அந்நியன் வயல் வயலாக எண்ணினான். கொடுப்பதற்கு முன்வந்த நாம் வீடு வீடாக எண்ணலாகாதோ?

சர்க்காருக்கும் இது எளிய காரியமாக இருந்ததில்லை. குடும்ப வருமானத்தைக் கேட்டெழுத முன்னாட்களில் சர்க்கார் செய்த சோதனைகளில், ஜனங்கள் சொன்ன வருமானம் அவர்களே சொன்ன செலவுக்கும் சேமிப்புக்கும் போதாமலிருந்ததனால் அம்முயற்சி கைவிடப்பட்டது. இப்பொழுது தேசமெங்கும் குடும்ப வருமான விசாரணை ஒன்றை 2026-ல் நடத்துவதாக 2025-ல் அறிவிப்பு வெளியாயிற்று. நம்மவர் குணமும் யாம் அறியாததன்று. சர்க்கார் ஆள் கேட்டால் வருமானத்தைக் குறைத்தும், பெண் கேட்டு வருவோரிடம் கூட்டியும் சொல்லுகின்றோம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! ஆதலின் வருமானம் இவ்வளவென்று கேட்பதைவிட, உழைக்கும் கைகள் எத்தனை, உண்ணும் வாய்கள் எத்தனை, வருஷத்தில் வேலையுள்ள மாதங்கள் எத்தனை, வாடகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாசன வசதியுள்ள நிலம் எவ்வளவு என்று கேட்டால் உண்மை தானே வெளிப்படும்.

எனவே, முன்வந்துள்ள தீர்மானத்திற்கு யாம் கொணரும் திருத்தம் பின்வருமாறு:

1. கல்வி நிதியை ஜில்லாவின் தலைக்கு வருமானத்தைக் கொண்டு பங்கிடாமல், குடும்பங்களின் நிலையைக் கொண்டு பங்கிடுதல் வேண்டும். எந்த ஜில்லாவில் தேவையுள்ள குடும்பம் மிகுதியோ அங்கே மிகுதியாகச் செல்லட்டும். அது தருமபுரியாயின் நாம் மகிழ்ச்சியுடன் கொடுப்போம்.

2. ஒவ்வொரு கிளையும் வீட்டுப் பதிவேடு ஒன்று எழுதுதல் வேண்டும். யாம் மேலே சொன்ன ஆறு கேள்விகளே அதற்குப் போதும். மாதர்களின் சம்பாத்தியத்தை மாதர்களிடமே கேட்டெழுதுதல் வேண்டும்.

3. ஒரு குடும்பத்தின் விவரம் காரியதரிசிக்கும் நிதிக் கமிட்டிக்கும் தவிர வேறெவர்க்கும் தெரிதல் கூடாது. உதவி பெற்றோர் பெயரை மேடையில் வாசிப்பதும், அவர்களை நிறுத்திப் படம் எடுப்பதும் அறவே ஒழிதல் வேண்டும். வெள்ளை வேஷ்டிக்குள் பசியை மறைத்திருப்போர் நம்மிற் பலர்; மானத்துக்கு அஞ்சி அவர்கள் வாராதொழிந்தால் நமது நிதி பயனற்றதாகும்.

4. மொத்த நிதியில் ஒரு பகுதி, சம்பளத்தை விட்டுப் படிப்புக்குத் திரும்ப விரும்பும் பெண்களுக்கென்று ஒதுக்கப்படல் வேண்டும்.

இத்திருத்தத்திற்கு ஒரு தடை சொல்லக்கூடும். "ஜில்லா எண் ஆயத்தமாக இருக்கிறது, வீட்டுக் கணக்கு எடுக்க ஆளும் காலமும் வேண்டுமே" என்பர். உண்மையே. ஆனால் நமது சங்கத்தார் வருஷந்தோறும் கலியாணப் பத்திரிகை கொடுக்க ஒரு வீடு தவறாமல் செல்லுகின்றனர். வரி வசூலுக்கும் மாநாட்டுச் சந்தாவுக்கும் ஒரு வீடு தவறாமல் செல்லுகின்றனர். வாங்குவதற்குத் தெரிந்த வாசல், கொடுப்பதற்குத் தெரியாமற் போகுமோ?

மற்றொன்றும் சொல்லி முடிக்கின்றோம். நம் குலத்தார் மாத்திரமே ஏழைகள் என்று யாம் பேச வந்தோமில்லை. ஏரிக்கரையில் மண் வெட்டும் கூட்டத்திலும், யந்திரசாலை வாயிலில் விடியற்காலையில் நிற்கும் கூட்டத்திலும் எல்லாக் குலத்தாரும் இருக்கின்றனர். பீகாரிலிருந்து வந்த இளைஞனும் ஒரு தாயின் மகனே. நாம் நம் வீடுகளை நேர்மையாக எண்ணக் கற்றுக்கொண்டால், அம்முறையைப் பிற சங்கத்தாரும் ஊராட்சியாரும் கைக்கொள்ளுதல் கூடும். அவ்வாறு கைக்கொண்டால் அதனால் வரும் நன்மை இவ்வெல்லைப்புறம் முழுவதற்கும் ஆகும். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் பெருமான் அருளியிருக்கிறார். நமது நிதியின் வரும் வழி சிறிதுதான். அது போகும் வழியையாவது கண் திறந்து நோக்கிச் செலுத்துவோமாக.

மாம்பருவம் முடிந்து கல்லூரிகள் திறப்பதற்குள் பதிவேடு எழுதி முடிந்தால், இவ்வருஷத்துப் பிள்ளைகளுக்கே இதன் பயன் கிட்டும். ஆதலின் திருத்தத்தை இன்றே ஆலோசித்து முடிவு செய்யுமாறு சபையோரை வேண்டுகின்றோம்.